விலையும் செவியும்: ஹெட்போன் வரலாற்றில் ஒரு வினா

1

நம் கல்லூரியின் இயற்பியல் துறையில் பணியாற்றும் நண்பர் ஒருவர் இசைப் பித்தர். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லம் சென்றிருந்தபோது, மேசைமீது இரண்டு ஹெட்போன்கள் இருக்கக் கண்டோம். ஒன்று சாம்பல் நிறத்தது, மற்றொன்று கருநீலம். "தமிழய்யா, சாம்பல் நிறத்தின் விலை 500 டாலர், நீலத்தின் விலை 200 டாலர். இரண்டிலும் கேட்டுவிட்டு வேறுபாட்டைச் சொல்லுங்கள்" என்றார்.

எம்.டி. ராமநாதனின் பழைய கச்சேரிப் பதிவொன்றை அவர் ஒலிக்கவிட்டார். நாமும் கண்களை மூடிக்கொண்டு கேட்டோம். நீல நிறக் கருவியில் குரல் இனிமையாகவே இருந்தது, எனினும் ஏதோ ஒரு மெல்லிய திரை குறுக்கே நிற்பதாகத் தோன்றிற்று. சாம்பல் நிறக் கருவியிலோ அத்திரை விலகியது. மந்தர ஸ்தாயியில் குரல் நிலத்தில் வேரூன்றி நிற்பதையும், தம்புராவின் நாதம் பின்னணியில் புகைபோல் பரவுவதையும் கண்டோம். கண்டதை எல்லாம் உரிய அடைமொழிகளோடு எடுத்துரைக்கவும் செய்தோம். தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்கு அடைமொழிகளுக்கா பஞ்சம்!

நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். இரண்டும் ஒன்றே என்றார். சாம்பல் நிறத்தது 2003ஆம் ஆண்டு ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எச்.டி. 650. நீலமானது அதே கருவியை மாஸ்டிராப் என்னும் அமெரிக்க இணைய விற்பனை நிறுவனம் 2016 டிசம்பரில் எச்.டி. 6எக்ஸ்எக்ஸ் என்ற பெயரில், நிறத்தை மாற்றி, கம்பியைச் சற்றுக் குறுக்கி, 200 டாலருக்கு விற்றது. நாம் கேட்ட திரையும், அது விலகியதும், வேரூன்றி நின்ற குரலும் நம் தலைக்குள்ளேயே நிகழ்ந்தவை.

வீடு திரும்பும் வழியெல்லாம் நாணம் நம்மைத் தின்றது. ஏமாந்தது பெரிதன்று. நாம் அடைந்த இன்பம் பொய்யா என்னும் ஐயமே பெரிதாக இருந்தது. அவ்வையத்தைப் பின்தொடர்ந்து இக்கருவியின் வரலாற்றைச் சில மாதங்கள் படித்தோம். அப்படிப்பின் பயனே இக்கட்டுரை.

2

செவியில் கருவி பொருத்தி இசை கேட்கும் வழக்கம், வானொலிக்கும் இசைத்தட்டுப் பெருக்கத்துக்கும் முற்பட்டது. 1881ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற மின்சாரக் கண்காட்சியில் கிளமாந் ஆடெர் என்னும் பொறியாளர், ஓபெரா அரங்கின் மேடையில் தொலைபேசி ஒலிவாங்கிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் ஒலியைக் கண்காட்சிக் கூடத்துக்குக் கம்பிவழிக் கொணர்ந்தார். மக்கள் இரு செவிகளிலும் இரு குழல்களை வைத்துக்கொண்டு நகரின் வேறோர் இடத்தில் நிகழும் பாட்டைக் கேட்டனர். 1890இல் இது 'தெயாத்ரோபோன்' என்ற வணிகமாயிற்று. உணவகங்களிலும் விடுதிகளிலும் காசு போட்டால் ஒலிக்கும் பெட்டிகள் வைக்கப்பட்டன. 50 சாந்தீம் நாணயம் ஒன்றுக்கு ஐந்து நிமிட இசை கிடைத்தது. வசதி படைத்தோர் வீட்டிலேயே இணைப்பு வாங்கிக்கொண்டனர்.

அவ்வாறு வாங்கியவருள் ஒருவர் நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட். நோயால் வீட்டில் அடைந்துகிடந்த அவர் 1911இல் சந்தாதாரராகி, வாக்னரையும் டெபுஸியையும் படுக்கையில் இருந்தபடியே கேட்டார். அன்றைய தொலைபேசிக் கம்பியில் வந்த ஒலி எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். உயர்ந்த சுரங்கள் மழுங்கும், தாழ்ந்தவை மறையும், இடையே இரைச்சல் இருக்கும். ஒருமுறை இனிமையான, ஆனால் வடிவமற்ற ஒரு முழக்கத்தை இரசித்துக்கொண்டிருந்து, அது இசையன்று, இடைவேளையின் சந்தடி என்பதைப் பிறகே உணர்ந்ததாக அவரே ஒரு கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எனினும் அவர் சந்தாவை நிறுத்திவிடவில்லை. நன்கறிந்த இசையின் குறைகளை நினைவு நிரப்பியது. கருவி தராததைச் செவியுடையோன் தந்துகொண்டான்.

ப்ரூஸ்ட் சந்தாதாரர் ஆவதற்கு ஓராண்டு முன்னர், 1910இல், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் ஒரு ஜோடிச் செவிக்கருவிகளைச் செய்து கடற்படைக்கு அனுப்பினார். கூடவே ஊதா மையில் எழுதிய கடிதம் ஒன்றும் சென்றது. ஏதோ கிறுக்கரின் வேலை என்று எண்ணியபடியே சோதித்த கடற்படையினர், அதுவரை தாம் பயன்படுத்திய எதனினும் அது மேம்பட்டதாக இருக்கக் கண்டு வியந்தனர். மேலும் அனுப்புக என்று கேட்டபோது, ஒரு வேளைக்குப் பத்துக்கு மேல் செய்ய இயலாது, சமையலறையில்தான் செய்கிறேன் என்றாராம் அவர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கடற்படைக்குச் செவிக்கருவி என்பது கம்பியில்லாத் தந்தியின் மெல்லொலி கேட்கிறதா, இல்லையா என்னும் வினாவுக்கு விடை. அங்கே தரம் என்பது அளக்கத்தக்கது. அனுப்பியவர் யார், எத்தாளில் எழுதினார் என்பவை பொருட்டல்ல. ப்ரூஸ்டுக்கோ அது இன்பத்தின் வாயில். அங்கே அளவுகோல் அவர் நெஞ்சுக்குள் இருந்தது. ஹெட்போன் வரலாறு முழுதும் இவ்விரு நோக்குகளும் மாறிமாறித் தலைதூக்குவதைக் காணலாம்.

3

பெர்லினில் ஆய்கன் பையர் தொடங்கிய நிறுவனம் 1937இல் டி.டி. 48 என்னும் கருவியை வெளியிட்டது. சிறியதொரு ஒலிபெருக்கியைச் செவியருகே பொருத்தும் இன்றைய முறைக்கு இதுவே முன்னோடி. ஒலிப்பதிவுக் கூடத்தாரே இதனை மிகுதியும் நாடினர். இசைச் சுவைஞருக்கெனப் பிறந்தது 1958இல் வந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் ஒரு கையடக்க இசைத்தட்டுக் கருவியை விற்க முனைந்து, தனியே கேட்பதற்கென அதனுடன் ஒரு ஸ்டீரியோ ஹெட்போனையும் சேர்த்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் இசைத்தட்டுக் கருவியை மறந்துவிட்டு ஹெட்போனையே சூழ்ந்துகொண்டனர். துணைப்பொருள் முதற்பொருளாயிற்று.

1960இல் ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் நிலைமின் விசையால் இயங்கும் ஹெட்போனை விற்பனைக்குக் கொணர்ந்தது. துளைகளிட்ட இரு தகடுகளுக்கிடையே மிக மெல்லிய ஓர் ஏடு மின்னழுத்தத்தால் அசைந்து ஒலி எழுப்பும். இதனை இயக்கத் தனியே ஒரு மின்கருவி வேண்டும், ஆகவே விலை மிகுந்தது. விலையுயர்வுக்கு உண்மையான பொறியியல் காரணம் ஒன்று இருந்ததற்கு இது நல்ல சான்று.

இதற்கு நேர்மாறான போக்கும் உடன்நிகழ்ந்தது. 1968இல் சென்ஹைசரின் எச்.டி. 414 வந்தது. மஞ்சள் நிறப் பஞ்சுறையும் திறந்த பின்புறமும் கொண்ட இதன் எடை 135 கிராமே. ஒரு கோடிக்கு மேல் விற்றது. 1979 ஜூலையில் சோனியின் வாக்மேன் வந்தபோது அதனுடன் இணைந்திருந்த ஹெட்போனின் எடை சுமார் 50 கிராம். அதற்கு முற்பட்டவை 300, 400 கிராம் எடையுடன் தலையை அழுத்தியவை. பல்லாயிரக் கணக்கில் செய்யும்போது, மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டையும் சிறு காந்தத்தையும் கொண்ட கருவியின் அடக்க விலை வெகுவாகக் குறைகிறது. நல்ல ஒலி எளியோர் செவிக்கும் எட்டியது.

எல்லோர்க்கும் எட்டிய பிறகுதான் எட்டாததன்மீது ஆசை பிறக்கும் போலும். வாக்மேன் வந்து பத்தாண்டுகள் கழித்து, 1989இல், அதே சோனி எம்.டி.ஆர்-ஆர்10 என்னும் ஹெட்போனை 2,500 டாலருக்கு வெளியிட்டது. அதன் கிண்ணங்கள் முதிர்ந்த செல்கோவா மரத்தில் கடையப்பட்டவை, அதிரும் ஏடோ நுண்ணுயிர்கள் உண்டாக்கிய செல்லுலோஸ் கொண்டு செய்யப்பட்டது. 1991இல் சென்ஹைசரின் 'ஆர்ஃபியஸ்' வந்தது. வெற்றிடக் குழாய்கள் கொண்ட ஒலிபெருக்கியுடன் 300 தொகுதிகளே செய்யப்பட்டன. விலை சுமார் 16,000 டாலர். இறந்த மனைவியை இசையால் மீட்கச் சென்ற கிரேக்கப் பாணனின் பெயரை அதற்கு இட்டனர். 2015இல் அதன் வழித்தோன்றல் அறிவிக்கப்பட்டது. இத்தாலியின் கராரா சலவைக்கல்லில் குடைந்த பெட்டிக்குள் வெற்றிடக் குழாய்கள் அமைந்திருந்தன. விசையைத் தொட்டால் குழாய்கள் மெல்ல எழுந்து ஒளிரும். விலை சுமார் 50,000 யூரோ.

சலவைக்கல் அதிர்வைத் தாங்கும் என்பதற்கு இயற்பியல் காரணம் கூறலாம். ஆனால் மெல்ல எழுந்து ஒளிரும் குழாய்க்குச் செவியிடம் என்ன வேலை? அது கண்ணுக்காகச் செய்யப்பட்டது. கருவறைத் திரை விலகும் கணத்தில் பக்தன் அடையும் சிலிர்ப்பைப் போன்றதொன்றை, பாட்டுத் தொடங்கும் முன்னரே கேட்போனுக்குத் தந்துவிடுவது.

4

கருவிகளை மதிப்பிடுவோரும் இக்காலத்தே இரு கட்சியினராயினர். 1962இல் ஜெ. கார்டன் ஹோல்ட் அமெரிக்காவில் 'ஸ்டீரியோஃபைல்' இதழைத் தொடங்கினார். அளவுக் கருவிகள் காட்டும் எண்களைவிட, இசை எவ்வாறு கேட்கிறது என்பதைச் செவியால் அறிந்து எழுதுதலே முறை என்றார். 1973இல் ஹாரி பியர்சன் தொடங்கிய 'தி அப்சல்யூட் சவுண்ட்' அவ்வழியை மேலும் வளர்த்தது. இருள், ஒளி, காற்று, வெப்பம் என உவமைகளால் ஆன ஒரு நடை பிறந்தது. அதுவும் ஓர் இலக்கிய நடையே. நண்பர் இல்லத்தில் நாம் பேசியதும் அந்நடையே என்பதைப் பிறகுதான் உணர்ந்தோம்.

எதிர்க்கட்சியார் கேட்ட வினா எளியது: விலையும் பெயரும் தெரியாதபோதும் அவ்வேறுபாடு கேட்கிறதா? கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் 1980களில் திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கிகளை வைத்து இவ்வினாவை முறையாக ஆராய்ந்தார். 1994இல் அவரும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வில் 40 பேர் நான்கு ஒலிபெருக்கிகளை மறைத்தும் வெளிப்படையாகவும் வைத்துக் கேட்டனர். மறைத்தபோது நன்மதிப்புப் பெற்ற சிறிய, விலை குறைந்த கருவி, கண்ணில் பட்டதும் மதிப்பிழந்தது. பெரியனவும் அழகியனவும் உயர்ந்தன. கேட்டோர் பாமரர் அல்லர். ஒலிக்கருவி நிறுவனத்தில் பணிபுரிவோர்.

ஹெட்போனில் இச்சோதனை கடினம். தலையில் அணிந்ததும் எடையும் மெத்தையும் கருவியைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆலிவ் குழுவினர் 2013 அளவில் இதற்கொரு வழி கண்டனர். பல ஹெட்போன்களின் ஒலித்தன்மையை அளந்து, அவற்றை ஒரே ஹெட்போன் வழியாகப் போலச் செய்து கேட்பித்தனர். பெரும்பான்மையோர் விரும்பும் ஒலி அமைப்பு ஒன்று உண்டு என்பது அதனால் தெரியவந்தது. நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி ஒலிப்பதை ஒத்தது அது. பின்னர் 2017இல் யெரூன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவுகளை விலையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒலியமைப்புக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்பதே அவர் கண்ட முடிவு.

காரணம் புரியாததன்று. எச்சுரத்தை எவ்வளவு உரக்க ஒலிப்பது என்பது ஏட்டின் வடிவம், கிண்ணத்தின் துளை, மெத்தையின் பஞ்சு ஆகியவற்றைத் திறமையாக இசைவிப்பதைப் பொறுத்தது. அதற்கு அறிவும் உழைப்பும் வேண்டும், அரிய பொருள்கள் வேண்டுவதில்லை. விலை வாங்கித்தருவன வேறு உண்டு. நெடுநாள் உழைப்பு, தலைக்கு இதம், மாற்றக் கிடைக்கும் உதிரிகள், இடவல ஒலிகளின் துல்லியமான ஒப்புமை ஆகியன அவை. இவை சிறியவையல்ல. ஆயினும் 200க்கும் 50,000க்கும் இடைப்பட்ட பள்ளத்தை இவை நிரப்பா.

ஹோல்ட் தம் முதுமையில், 2007இல், தாம் தோற்றுவித்த துறை மறைமுகச் சோதனைக்கு உடன்பட மறுத்து நம்பகத்தன்மையை இழந்துவிட்டதென வருந்தினார் என்பது இவ்வரலாற்றின் துயரமான அடிக்குறிப்பு.

5

இவ்வளவு படித்தபின், விலையுயர்ந்த ஹெட்போன் வாங்குவோரை எள்ளி நகையாடிவிட்டுக் கட்டுரையை முடித்திருக்கலாம். முடிக்க இயலாதபடி இரண்டு செய்திகள் தடுத்தன.

முதலாவது மதுவைப் பற்றிய ஆய்வு. 2008இல் கலிஃபோர்னியாவில் ஹில்கே பிளாஸ்மனும் பிறரும் 20 பேருக்கு ஒரே மதுவை இருவேறு விலை சொல்லிக் கொடுத்து, அவர்தம் மூளையின் செயலைக் கருவியால் நோக்கினர். விலை மிகுதியெனக் கேட்டபோது மிகுதியாகச் சுவைத்ததென அவர்கள் கூறினர். வாயளவில் கூறியதோடு நில்லாமல், இன்பத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதியும் மிகுதியாகச் செயற்பட்டது. ஆக, அன்று நாம் அடைந்த இன்பம் பொய்யன்று. இன்பத்துக்கு நாம் கற்பித்த காரணம்தான் பொய். 'நான் இன்புற்றேன்' என்பது ஒரு கூற்று, 'இக்கருவி சிறந்தது' என்பது வேறொரு கூற்று. முதலதற்கு நாமே சாட்சி, இரண்டாவதற்கு நாம் போதிய சாட்சி அல்லோம்.

இரண்டாவது நம் துறையைச் சார்ந்தது. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் தம் மாணவர்களுக்குப் புலவர் பெயர் கூறாமல் பாடல்களைக் கொடுத்துக் கருத்தெழுதச் செய்து, அவற்றைத் தொகுத்து 1929இல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்னும் நூலாக வெளியிட்டார். கவிதைக்கு நடந்த மறைமுகச் சோதனை அது. ஜான் டன், ஹாப்கின்ஸ் ஆகியோரின் பாடல்களைப் பலர் ஒதுக்கித் தள்ளினர். இன்று எவரும் நினையாத சிலரின் பாடல்கள் பாராட்டுப் பெற்றன. பெயரை நீக்கியதும் பெரும்புலவர் வீழ்ந்தனர்.

டூலின் சோதனையில் திரை உண்மையைக் காட்டியது, ரிச்சர்ட்ஸின் சோதனையில் திரை உண்மையை மறைத்துவிட்டதே என்று முதலில் குழம்பினோம். பிறகு தெளிவு பிறந்தது. பெயர் கவிதையின் பொருளை மாற்றுவதில்லை, வாசகனுக்குப் பொறுமையைத் தருகிறது. பெரும்புலவர் என்று அறிந்தால் முதல் வாசிப்பில் புலப்படாததை இரண்டாம் முறை தேடுகிறோம். விலையும் அதையே செய்கிறது. 500 டாலர் என்றதும் நாம் கண்களை இறுக மூடி, மூச்சை அடக்கி, தம்புராவைத் தேடிச் சென்றோம். தம்புரா பதிவில் இருந்தது உண்மை. நீலக் கருவியிலும் அது இருந்தது. அங்கே நாம் தேடவில்லை.

ஆனால் இவ்விரண்டுக்கும் ஒரு பெருவேறுபாடு உண்டு. புலவனின் பெயர் தலைமுறை தலைமுறையாக வாசகர் சேர்த்த மதிப்பு. விலையோ விற்பவன் ஒருவனே ஒட்டிய சீட்டு. முன்னது கடன் தரும், பின்னது கட்டணம் கேட்கும். கவனம் என்பது நம்மிடமே உள்ள பொருள். நம் பொருளை நமக்கே விற்கிறார்கள் என்றால் மிகையாகாது.

6

இதனால் யார்க்கு என்ன தீங்கு, பணம் உடையவன் செலவிட்டு மகிழட்டுமே என்று கேட்கலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம், ஒரு சிறு நிகழ்ச்சி நேரும்வரை.

இயற்பியல் நண்பர் தம் ஹெட்போனைக் கல்லூரிக்கு ஒருநாள் கொண்டுவந்தார். நம் வகுப்பு மாணவன் ஒருவன், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன், அதனை எட்டி நின்று பார்த்தான். பேருந்து நிலையக் கடையில் வாங்கிய காதொலிக்கருவியில் ஓயாமல் பாட்டுக் கேட்பவன் அவன். பின்னணியில் எந்த வாத்தியம் எந்த இடத்தில் நுழைகிறது என்பதை நம்மைவிட நுட்பமாகச் சொல்லவல்லவன். "கேட்டுப் பார்" என்றோம். "வேண்டாங்கய்யா, அதெல்லாம் எங்க காதுக்குத் தெரியாது" என்று விலகினான்.

ஐம்பதாயிரம் யூரோ விலை அதனை வாங்குவோனை ஏமாற்றுவதைவிட, வாங்க இயலாதவனையே மிகுதியாக ஏமாற்றுகிறது என்பது அன்று விளங்கிற்று. உன் இன்பம் தாழ்ந்த வகை என்று அவன் காதில் ஓதிவிடுகிறது. அவனும் நம்பிவிடுகிறான். இடைவேளைச் சந்தடியை இசையென்று மயங்கிச் சிரித்த ப்ரூஸ்டின் கதையை மறுநாள் வகுப்பில் கூறினோம். இருபதாம் நூற்றாண்டின் பெருநாவலாசிரியர்களுள் ஒருவர் கேட்ட ஒலி, உன் காதொலிக்கருவி தரும் ஒலியைவிட எவ்வளவோ மட்டமானது என்றோம். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

நாணம் இப்போது நம்மிடம் இல்லை. நண்பரிடமிருந்து அந்நீலக் கருவியை இரவல் பெற்று, அதே கச்சேரிப் பதிவை ஓரிரவு மீண்டும் கேட்டோம். இம்முறை விலையை நினையாமல் தம்புராவைத் தேடினோம். அது அங்கேயே இருந்தது.